ஏறியோர், இறங்கியோர்

மூன்று வாரத்துக்கு என் வேலை
ஆள் எண்ணுவது.
இடக்கையில் ஓர் இரும்புக் குமிழ்;
யாராவது ஏறினால் கட்டைவிரலால் ஓர் அழுத்து.
இறங்கினால் தாளில் ஒரு கோடு.
ஐந்தாவது கோடு
மற்ற நாலின் மேல் குறுக்கே படுத்துக்கொள்ளும்.

ஜெட்டியில் கிளம்பி, கொம்தார் சுற்றி,
ஜெலுத்தோங் நெரிசலில் நின்று நின்று
ரெலாவ் அடுக்குமாடிகளின் காலடியில் போய்
மூச்சு விடும் பேருந்து.
நடைக்குச் சராசரி பதினெட்டுப் பேர் தேறாவிட்டால்
இரவு நடைகளை எடுத்துவிடுவார்கள்.
யாரிடமும் சொல்லக்கூடாதென்று
என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

ஓட்டுநர் சேதுமாதவனுக்கு
முதல் நாளே தெரிந்துவிட்டது.
"எண்ணுங்க, எண்ணுங்க.
போன தடவை வந்தவரும்
இதே சீட்டுலதான் உக்காந்தாரு.
அடுத்த மாசம்
ஞாயித்துக்கிழமை பஸ் நின்னுபோச்சு."
கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே
வளைவை ஒரே கையால் திருப்பினார்.

ஆறாம் எண், நேப்பாளிக் காவலர்.
உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்.
தன் நிறுத்தத்துக்கு ஒரு கம்பம் முன்னால்
தானே விழிப்பார், மணியை அழுத்த.
எப்படி என்று மூன்று வாரமும் பார்த்தேன்,
பிடிபடவில்லை.

கைக்குழந்தைகளைச் சேர்க்காதே என்பது விதி.
ஆனால் ஒன்று
அம்மாவின் தோளுக்கு மேலாக
ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தது,
எனக்கு மேலதிகாரி போல.

பதினொன்றாம் எண்ணுக்குப் பெயர் பிரேமலோசினி.
தொழிற்சாலை நீலச் சட்டை.
ஏறியதும் காலணியைக் கழற்றிக்
குதிகாலைத் தேய்ப்பாள்.
"நீங்க செக்கரா?" என்றாள்.
"மாணவன்" என்றேன். பாதிப் பொய்.
"இந்த பஸ்ஸ விட்டா கிராப்தான்.
பதினாறு வெள்ளி.
ரெண்டு மணி நேரம் நான் நின்ன காசு."
என் கையில் குமிழ் வியர்த்தது.

ஒன்று சொல்ல வேண்டும்:
நான் வேலைக்கு வந்துபோனது மோட்டார்சைக்கிளில்.

கடைசி வாரம், வியாழன், மழை.
வண்டி கிளம்பவில்லை.
சுங்கை டுவா நிறுத்தத்தில் ஐந்து பேர் நின்றோம்.
கைப்பேசி சொன்னது: நான்கு நிமிடம்.
கால் மணி கழித்தும் நான்கு நிமிடம்.
பிறகு திரையிலிருந்து
பேருந்தே காணாமல் போனது,
சாலையில் அது இருந்ததே இல்லை என்பதுபோல்.
ஒருவர் பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்து
நடக்கத் தொடங்கினார்.
ஒரு சீனத் தம்பதி மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டுத்
திட்டு வாங்கிக்கொண்டு
அவன் காரில் போனார்கள்.
பிரேமலோசினி எதுவும் பேசவில்லை.
குடையை மட்டும் அரைச்சாண்
என் பக்கம் நகர்த்தினாள்.

நாற்பத்தேழாம் நிமிடம் வந்தது.
அவள் ஏறினாள். நான் ஏறினேன்.
அன்றைய தாளில் சுங்கை டுவா: இரண்டு.
ஏறியோருக்கு ஒரு கட்டம்.
இறங்கியோருக்கு ஒரு கட்டம்.
நின்றவர்களுக்குக் கட்டம் கிடையாது.

சராசரி பதினாறு புள்ளி நாலு.
'குறிப்புகள்' என்ற ஒற்றை வரியில்
மழையை எழுதினேன், பிளாஸ்டிக் பையை எழுதினேன்,
ஓரத்தில் வளைந்து மேலேறி
தாளின் பின்பக்கம் வரை எழுதினேன்.
அலுவலகத்தில் ஃபட்ஸ்லி பொறுமையாக வாசித்தார்.
"நல்லாத்தான் இருக்கு.
இத எந்தக் காலத்துல போடுறது?"
குமிழைப் பூச்சியத்துக்குத் திருகித் தரச் சொன்னார்.
நாலு சக்கரம். கடைசிச் சக்கரம்
கொஞ்சம் சிக்கித்தான் திரும்பியது.

முடிவு எனக்கு இன்னும் தெரியாது.
வண்டியைச் சரிசெய்துவிட்டேன்.
இரவில் சுங்கை டுவா தாண்டும்போது
நிறுத்தத்தில் நிழல்கள் தெரிந்தால்
இடது கட்டைவிரல் தானாக அழுந்துகிறது.
அந்த இடத்தில் இருப்பது ஹார்ன்.
அத்தனை பேரும் எழுந்து
சாலையை எட்டிப் பார்க்கிறார்கள்.